பரசு நான் இல்லை

அந்த செல்போன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் போன், பாருங்கள், சிரியுங்கள். என் காதுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். தாம்பரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அந்தப் பைப்பு பரசு பேசுவதையும் பின்னால் பத்துப் பேர் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டே வருகிறேன். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது அங்கே உட்கார்ந்து யாரும் சிரித்தது இல்லை. ஒரு தடவை பிடித்து வைத்துக்கொண்டு வாராவாரம் அதையே போடுகிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த டிவி சீரியலை எழுதுகிறவரே சொன்னார்.

நான் பிளம்பர். பெயர் ஏகாம்பரம். படிப்பு அஞ்சாவதோடு சரி. மடிப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட், மூன்று பிளாக், எழுபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு வருஷமாக அங்கே எல்லாக் குழாயும் நான்தான். நான் என்றால் நானும் தணிகாசலமும். இப்போது அந்தத் தணிகையைக் கூட்டி வரத்தான் போகிறேன். வந்தவாசிக்கு முன்னால் ஒரு கூட்ரோட்டில் இறங்க வேண்டும். திங்கட்கிழமை காலை அவன் என்னோடு அந்த கேட்டுக்குள் நுழைய வேண்டும். இல்லை என்றால் அபார்ட்மெண்ட் என் கையை விட்டுப் போய்விடும். இந்த வயதில் எனக்கு வேறு இடம் யார் கொடுப்பார்கள்?

எல்லாம் அந்தப் பரசுவால் வந்தது. அவனை முதலில் பார்த்தபோது நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வீட்டில் எல்லோரும் அதைத்தான் பார்ப்போம். அதில் ஒரு வாட்ச்மேன் வருவான், நின்றபடியே தூங்குவான். வாட்ச்மேன் என்றால் அப்படித்தான், அது உண்மை. ஒரு வேலைக்காரி வருவாள், வீட்டுக்கு வீடு கோள் சொல்லுவாள். அதுவும் உண்மைதான். எங்கள் வாட்ச்மேன் லோகநாதன் ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, டிவியில ஏண்ணே நம்மள மாதிரி ஆளுங்களயே இப்படிக் காட்டுறாங்க என்று கேட்டான். தூங்காமல் இரு, காட்ட மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனால் பிளம்பர் விஷயம் வேறு தம்பி. அதில் உண்மை கிடையாது. அதாவது, பாதி உண்மை கிடையாது.

அந்தப் பரசு என்ன செய்கிறான்? ஒரு குழாயைத் திருகினால் இன்னொரு குழாய் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. எங்கே ஈரம் பார்த்தாலும் நாக்கை நீட்டுகிறான். சுவரை நக்குகிறான், வாளியை நக்குகிறான், அந்த வீட்டுக்காரர் தலையில் வழிகிற தண்ணீரையும் நக்குகிறான். அப்புறம் குடித்துவிட்டு வருகிறான். பெண்டாட்டி விளக்குமாற்றால் அடிக்கிறாள். அடித்ததும் அந்தச் சிரிப்பைப் போடுகிறார்கள்.

நாக்கு வைப்பது எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, அதனால்தான் சிரிக்கிறீர்கள். ஒரு சுவர் ஈரமாக இருக்கிறது. உள்ளே நாலு வகைத் தண்ணீர் ஓடுகிறது. எது ஒழுகுகிறது? கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். விரலால் தொட்டு, மோந்து, நாக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தால் சொல்லிவிடலாம். போர் தண்ணீர் உப்பு. மெட்ரோ தண்ணீரில் மருந்து வாடை. பாத்ரூம் கழிவு சோப்புக் கசப்பு. மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி வந்திருந்தால் சுண்ணாம்பு கரிக்கும். தணிகை வைத்துப் பார்த்து, ஏகா, மேல்வீட்டு போர் லைன், எல்போ வளைவு கிட்ட என்பான். ஒரே ஒரு டைல்ஸை எடுப்போம். அங்கேதான் இருக்கும். முப்பது வருஷத்தில் ரெண்டு தடவையோ மூன்று தடவையோதான் தப்பியிருக்கிறது. வேலை முடிந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு ஒரு கிராம்பைப் போட்டுக்கொள்வான். சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு இருக்கும்.

பைப்பு வெட்டுவது, சேர்ப்பது, டாங்க் ஏற்றுவது எல்லாம் நான். கண்டுபிடிப்பது அவன். வீட்டுக்காரர்களிடம் பேசுவது நான். அவனுக்குப் பேச்சு வராது.

அந்த சீரியலை எழுதுகிற நிகிலன் சார் எங்கள் சி பிளாக்கில்தான் குடியிருக்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. போன வருஷம் ஆடி மாதம் அவர் வீட்டு கிச்சன் சிங்க் அடைத்துக்கொண்டது. எடுத்துக் கொடுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பும்போது, உட்காருங்கண்ணே, டீ சாப்பிட்டுப் போகலாம் என்றார். கீழே உட்காரப் போனேன். சோபாவைக் காட்டினார்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும் தம்பி. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த எழுபத்திரண்டு வீட்டில் ஒருத்தரும் எனக்கு நாற்காலி போட்டது கிடையாது. டீ கொடுப்பார்கள், வாசலில் நின்று குடிப்பேன், தம்ளரைத் தனியாக வைப்பார்கள். இவர் சோபாவில் உட்கார வைத்து, அவர் குடிக்கிற மாதிரிக் கப்பிலேயே கொடுத்தார். உங்க வேலையில வேடிக்கையா எதுவும் நடக்குமாண்ணே என்று கேட்டார். நடக்காமல் என்ன, என்றேன்.

தணிகை நாக்கு வைப்பதைச் சொன்னேன். அவர் கையில் இருந்த கப் ஆடும்படி சிரித்தார். நீங்க நல்லா சொல்றீங்கண்ணே, அடுத்த வாரமும் வாங்க என்றார். போனேன். அதற்கு அடுத்த வாரமும் போனேன். போனால் ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா, சும்மா போய் உட்கார முடியாது. தணிகை டாங்குக்குள் இறங்கி ஏணியை இழுத்துக்கொண்டு கத்தியது, தணிகை நாயைப் பார்த்து மோட்டார் ரூமில் ஒளிந்தது, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லத் தீர்ந்துபோனது. அவனும் எவ்வளவுதான் செய்வான், பாவம். அதனால் குடிக்கிறதையும் சேர்த்துச் சொன்னேன். தணிகை குடிக்க மாட்டான். ஒரு சொட்டு தொட்டதில்லை. குடி என்னிடம்தான் இருந்தது, அதுவும் அப்போது, இப்போது குறைத்துவிட்டேன். விளக்குமாறும் எங்கள் வீட்டு விளக்குமாறுதான். ஆனால் கதை என்றால் ஒரு ஆள் மேல் வைத்துச் சொன்னால்தான் நன்றாக இருக்கும். பெயர் சொல்லவில்லை. என் கூட வேலை செய்யிற ஒருத்தன் என்றுதான் சொன்னேன். பெயரே சொல்லவில்லை.

கடைசியாக அந்தச் சம்பந்தி வீட்டு விஷயத்தைச் சொன்னேன்.

தணிகைக்கு ஒரே பெண், செல்வராணி. அரக்கோணத்தில் மாப்பிள்ளை பார்த்து, வீடு பார்க்கப் போனோம். அவன், அவன் சம்சாரம், நான். ஹாலில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜித் தட்டோடு வருகிறார். இவன் பார்வை அங்கே இல்லை, சுவரில் இருக்கிறது. ஒரு ஈரத் திட்டு. கை தானாகப் போய்விட்டது. தொட்டான், மோந்தான், நாக்கில் வைத்தான். வைத்துவிட்டு, சம்பந்தி, இது உங்க மேல் கக்கூஸ் லைன் என்றான். அந்த அம்மா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். ரயிலில் திரும்பி வரும்போது அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் பொண்ணு வாழ்க்கைய நானே நக்கி எடுத்துட்டேன் ஏகா என்றான். இதை யாரிடமும் சொல்லாதே என்றான்.

மறுநாளே அவன் தனியாக அரக்கோணம் போய், அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நாள் முழுக்க அந்தக் கழிவு பைப்புக்கு அடியில் கிடந்து புதுசாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். இப்படிப்பட்ட மனுஷன் வீட்டுப் பெண் தப்பாக இருக்க மாட்டாள் என்றாராம். இந்தப் பாதியை நான் நிகிலன் சாரிடம் சொல்லவில்லை. இது சிரிப்பாக இல்லை.

தீபாவளி கழிந்து பரசு டிவியில் வந்தான். வந்த நாலாவது வாரமே அந்த மாப்பிள்ளை வீடு பார்க்கிற கதையும் வந்தது. பரசு போகிறான், சுவரை நக்குகிறான், சொல்லுகிறான். அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை, அவ்வளவு நேரம் போட்டார்கள்.

எனக்குத்தான் முதலில் அடி விழுந்தது. அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கேட்டுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் பரசு, பரசு என்று பின்னால் ஓடி வருகிறார்கள். நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். ஏ பிளாக்கில் ஒரு அம்மா, நான் பாத்ரூமிலிருந்து வெளியே வந்ததும், சோப்பு கீப்பு நக்கிடலையே என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொண்டார்கள். ஒருநாள் செக்ரட்டரி வரதராஜன் சார் ஆபீஸ் ரூம் வாசலில் என்னை நிறுத்தி, ஊதுய்யா என்றார். நாலு பேர் முன்னால். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடத்தில் ஊதிக் காட்டினேன் தம்பி. அன்றைக்கு வாயில் ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். சார், அந்தப் பரசு நான் இல்ல, அது தணிகாசலம் என்றேன். நக்குறது அவன், சம்பந்தி வீட்ல மானத்தை வாங்கினது அவன், எல்லாம் அவன்தான் சார், நான் பைப்பு வெட்டுற ஆளு என்றேன்.

செக்ரட்டரி என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். தணிகை உளியையும் சுத்தியலையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எப்போது வந்தான் என்று தெரியாது.

பம்ப் ரூமுக்கு வந்து சாமான்களைக் கீழே வைத்தான். பிறகுதான் கேட்டான்.

"ஏகா, அரக்கோணத்து விஷயம் ரெண்டு வீட்டுக்கும் வெளிய உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"பேரு சொல்லலைடா."

"ராணியோட நாத்தனார் அதை எடுத்து குடும்பத்து குரூப்ல போட்டிருக்கு. மாமியார் மூணு நாளா எம்பொண்ணுகிட்ட முகங்கொடுத்துப் பேசலை. அவங்க வீட்டுச் சுவருதானே அது."

"டிவியில ஆயிரம் சுவரைக் காட்டுறான். அதெல்லாம் யாரு நினைப்பாங்க?"

"நான் மறுநாள் போனதைச் சொன்னியா?" என்றான்.

நான் என்ன பதில் சொல்ல முடியும்? எழுதுகிறது நானா? அதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் படிப்பு இருக்கிறதா? மோட்டாரைப் போட வேண்டியிருந்தது, போய்ப் போட்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். மார்கழியில் பி பிளாக் நாலாவது மாடி மைதிலி டீச்சர் வீட்டுச் சமையலறைச் சுவர் ஊறிவிட்டது. ரிட்டயர்ட் டீச்சர், நல்ல மாதிரி. அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். தணிகை சுவரைத் தொட்டான், மோந்தான். பின்னால் ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இப்ப பாருங்க, இப்ப பாருங்க என்று மெதுவாகச் சொல்லுகிறது. டீச்சர் அதட்டினார்கள், ஆனாலும் அவர்கள் முகத்திலும் சிரிப்பு இருந்தது. தணிகையின் விரல் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். உடைச்சுப் பார்த்துடலாம்மா என்றான். அவன் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பின்னால் இருக்கிற பாத்ரூம் சுவரை உடைத்தான். லைன் நன்றாக இருந்தது. தரையை உடைத்தான், அதுவும் நன்றாக இருந்தது. இரண்டு நாள் உடைத்தான். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெடிப்பு, மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நாக்கில் ஒரு பொட்டு வைத்திருந்தால் சுண்ணாம்பு கரித்திருக்கும், கீழே ஒரு டைல்ஸ்கூட உடைத்திருக்க வேண்டாம்.

செக்ரட்டரி கூப்பிட்டுக் கேட்டார். யாரு உடைக்கச் சொன்னது? இருந்ததைச் சொன்னேன். உடைத்தது அவன்தானே, நான் இல்லையே. பொய் சொல்ல வேண்டுமா என்ன? அவர் உடனே, இனிமே அந்த ஆளு உள்ள வர வேண்டாம், நீ மட்டும் வா என்றுவிட்டார். நான் மறுத்துப் பேசி இரண்டு பேரும் வெளியே போவதில் யாருக்கு லாபம்? சொல்லுங்கள். அவனுக்காகவும் சேர்த்துத்தான் நான் உள்ளே இருந்தேன்.

அவன் தன் சாமான் பையை எடுத்துக்கொண்டு போனான். சம்சாரத்தோடு அவளுடைய ஊருக்கே போய்விட்டான். யாரோ ஒரு கவுண்டர் நிலத்தில் மோட்டார் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறானாம். முப்பது வருஷம் கூட இருந்தவன், ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை. அது எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது. நான் அப்படியெல்லாம் மறக்கிற ஆள் இல்லை.

அதற்கப்புறம் எனக்கு எது ஒழுகுகிறது என்றே தெரிவதில்லை. நானும் வைத்துப் பார்த்தேன் தம்பி. பாத்ரூம் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று ஜன்னலைப் பார்த்துவிட்டு, நாக்கில் வைத்தேன். எனக்கு எல்லாத் தண்ணீரும் ஒரே ருசி. புகையிலை போட்ட வாய். குத்துமதிப்பாக இரண்டு இடம் உடைத்தேன், இரண்டும் தப்பு. இப்போது பி பிளாக்கில் மூன்று வீட்டுச் சுவர் ஊறிக்கொண்டிருக்கிறது. ஒரு கம்பெனிக்காரன் மிஷின் கொண்டு வருகிறானாம், சுவருக்குள் இருக்கிற ஈரத்தை கலர் கலராகக் காட்டுமாம். செக்ரட்டரி எனக்குத் திங்கட்கிழமை வரை டைம் கொடுத்திருக்கிறார். நீ கண்டுபிடிச்சா நீ, இல்லேன்னா மிஷின் என்றார். தணிகையைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். யாரையாவது கூட்டிட்டு வா, ஒழுகுறது நிக்கணும் என்றுவிட்டார். அப்படி எல்லாம் சொல்ல வைத்திருக்கிறேன் அவனுக்காக.

நிகிலன் சாரை நான் சும்மா விடவில்லை. நேராகப் போய்க் கேட்டேன். சார், பிளம்பர்னா எல்லாரும் குடிகாரன், கோமாளின்னு ஊரே நினைக்குது, அந்தப் பரசு பக்கத்துல ஒழுங்கான பிளம்பர் ஒருத்தனையும் வைங்க, எங்க தொழில்ல நல்லவனும் இருக்கான்னு தெரியட்டும் என்றேன். அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். நல்ல ஐடியாண்ணே என்றார். அன்றைக்கு டீ கொடுக்கவில்லை, அவசரமாக இருந்தார்.

சொன்ன மாதிரியே ஒருத்தனைக் கொண்டு வந்தார். ஏழுமலை என்று பெயர், நீங்கள் பார்த்திருப்பீர்கள், ரெண்டு மாதமாக வருகிறான். ஆனால் தம்பி, அது நல்ல பிளம்பரா? எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கிறான். உட்கார்ந்துகொண்டு பரசுவைப் பற்றிக் கோள் சொல்லுகிறான். எது உடைந்தாலும் நான் இல்ல சார், பரசு என்கிறான். இப்படி ஒருத்தனை நான் எங்கள் தொழிலில் பார்த்ததே கிடையாது. எங்கிருந்துதான் பிடிக்கிறார்களோ. என் சம்சாரம் பட்டம்மாள் பரசு வந்தால் லேசாகச் சிரிப்பாள், அவ்வளவுதான். இவன் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, என் பக்கம் திரும்பித் திரும்பிச் சிரிக்கிறாள். எதுக்குடி சிரிக்கிற என்று கேட்டால், டிவியத்தான் பார்க்கிறேன், நீங்களும் பாருங்க என்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆள் வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

மாசியில் ஒருதரம் தணிகையைப் பார்க்கப் போனேன். அவன் சம்சாரம் வெளியே வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தது. அவரு இல்லைங்கண்ணா, நிலத்துக்குப் போயிருக்காரு என்றது. அவன் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே கிராம்பு வாசனைகூட வந்தது. தண்ணீரைக் குடித்தேன். நல்லா இருக்கியாம்மா, ராணி எப்படி இருக்கு என்று கேட்டேன். அந்தப் பெண் சொம்பை வாங்கிக்கொண்டு, இருக்குது என்றது. கொஞ்ச நேரம் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

ஆனால் இன்றைக்கு அப்படித் திரும்ப மாட்டேன். வரும்வரை வாசலிலேயே இருப்பேன். அவனால் எனக்கு எவ்வளவு கெட்ட பெயர், எவ்வளவு தலைகுனிவு. அவன் அந்தப் பழக்கத்தை ஊர் பார்க்கச் செய்திருக்காவிட்டால் என்னை யாரும் பரசு என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டேன். ராத்திரி எல்லாம் யோசித்து வார்த்தையைக்கூடத் தயார் செய்து வைத்திருக்கிறேன். தணிகை, நடந்தது நடந்துபோச்சு, நான் உன் மேல ஒண்ணும் வச்சுக்கலை, உன்னை மன்னிச்சிட்டேன், கெளம்பு. இப்படிச் சொன்னால் போதாதா? மனுஷனாக இருந்தால் இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏன் தம்பி தலையைக் குனிந்துகொண்டீர்கள்? வரமாட்டான் என்றா நினைக்கிறீர்கள்?

உங்களுக்கு அவனைத் தெரியாது. எனக்குத் தெரியும், முப்பது வருஷம்.

கூட்ரோடு வந்துவிட்டது, கண்டக்டர் விசில் அடிக்கிறார். காலைக் கொஞ்சம் மடக்குங்கள், இறங்கிக்கொள்கிறேன். அவன் வாய் திறக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். மன்னிக்கிறவன் நான்தானே, நான்தான் முதலில் பேச வேண்டும்.